செம்பொன் நிற ஸ்டீம் பீர்: கிளாஸில் எதைத் தேடுவது?

கேள்வி: ஒரு சின்ன கிராஃப்ட் ப்ரூவரியின் 'பாரம்பரிய ஸ்டீம் பீர்' பாட்டில் கிடைத்தது. நல்ல செம்பொன் நிறம். குடித்தால் லாகர் மாதிரியும் இருக்கிறது, ஏல் மாதிரியும் இருக்கிறது. இது எந்த வகை? பெயரில் ஏன் 'ஸ்டீம்'? எப்படிக் குடித்தால் இதன் அருமை தெரியும்?

பதில்: இன்னொரு பாட்டில் இருந்தால் அதை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு இதைப் படியுங்கள். படித்து முடிக்கும்போது அது குடிக்கிற பதத்துக்கு வந்திருக்கும். இந்த பீரைப் பலர் 'சுமார்' என்று ஒதுக்குவதற்கு முதல் காரணமே அதை அளவுக்கு மீறிக் குளிரவைத்துக் குடிப்பதுதான்.

லாகர் மாதிரியும் ஏல் மாதிரியும் இருக்கிறது என்றீர்கள். மிகச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். லாகர் என்பது குளிரில் மெதுவாக நொதிக்கும் பீர், ஏல் என்பது அதைவிடச் சூட்டில் நொதிக்கும் பீர். குளிரில் வேலை செய்யும் லாகர் ஈஸ்ட்டை, குளிர் போதாத இடத்தில் வேலை வாங்கினால் கிடைப்பதுதான் ஸ்டீம் பீர். ஈஸ்ட் லாகருடையது, நொதிக்கும் வெப்பநிலை கிட்டத்தட்ட ஏலுடையது. இதன் மணம், கசப்பு, நுரை, பெயர் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு காரணத்திலிருந்து விளக்கம் கிடைக்கும்.

இது பிறந்த ஊர் சான் ஃபிரான்சிஸ்கோ. 1849-இல் தங்கம் தேடி ஜனங்கள் கலிபோர்னியாவில் வந்து குவிந்தபோது அவர்களோடு ஜெர்மன் பீர் காய்ச்சுபவர்களும் வந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த தொழில் லாகர். லாகருக்கு 8 முதல் 12 டிகிரி செல்சியஸில் நொதித்தல் வேண்டும். அதற்குப் பிறகு உறைநிலைக்குப் பக்கத்தில் பல வாரம் கிடக்க வேண்டும். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் குளிர்காலத்தில் ஏரிகளில் உறையும் பனிக்கட்டியை வெட்டிக் கிடங்கில் அடுக்கிக்கொள்வார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் அப்படி வெட்டப் பனிக்கட்டி கிடையாது, இயந்திரக் குளிரூட்டல் பரவலாகவும் இல்லை. பசிபிக் கடலிலிருந்து வரும் மூடுபனி மட்டும் தாராளமாக உண்டு. அதனால் ஊர் வருஷம் முழுக்க மிதமான குளிர்ச்சியில் இருக்கும். லாகருக்கு அது கொஞ்சம் அதிகச் சூடு. அந்த இடைப்பட்ட வெப்பத்துக்குள் காய்ச்சிப் பழகினார்கள்.

அதற்கு அவர்கள் கையாண்ட உத்தி, அகலமான ஆழமில்லாத தொட்டிகள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது வெப்பம் வெளிவரும். ஆழமான தொட்டியில் அந்த வெப்பம் நடுவில் தேங்கி, ஈஸ்ட் இன்னும் வேகமெடுத்து, பழவாசனைகளையும் காரமான ஆல்கஹால்களையும் கக்கிவிடும். ஓரடி, இரண்டடி ஆழமே உள்ள பரந்த தட்டில் ஊற்றினால் மேற்பரப்பு வழியாகச் சூடு ஊர்க்காற்றில் கலைந்துவிடும். இன்னொரு லாபம், ஈஸ்ட் அடியில் படிய அதிக தூரம் விழ வேண்டியதில்லை. அதனால் பீர் சீக்கிரம் தெளியும்.

பெயருக்குப் பல கதைகள் சொல்வார்கள். கொதிக்கும் வோர்ட்டை (மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியை, ஊறவைத்து வடித்த இனிப்புக் கஷாயத்தை) கூரைமேல் ஆறவிட்டபோது எழுந்த ஆவியைப் பார்த்து வைத்த பெயர் என்பது ஒன்று. அதைவிட எனக்கு நம்பகமாகப் படுவது பீப்பாய்க் கதை. நொதித்து முடிந்த பீரோடு, இன்னும் நுரைத்துக்கொண்டிருக்கும் இளம் பீரைக் கொஞ்சம் கலந்து பீப்பாயை அடைத்துவிடுவார்கள். மூடிய பீப்பாய்க்குள் நொதித்தல் தொடர்ந்து, வாயு அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். குளிரவைக்கவும் வழியில்லாததால் அந்த அழுத்தம் சாதாரண பீரைவிட மிக அதிகம். சலூனில் குழாய் பொருத்தும்போது 'புஸ்ஸ்' என்று சீறிக்கொண்டு வாயு வரும். 19-ஆம் நூற்றாண்டுக்காரர்களுக்கு அந்தச் சீற்றம் நீராவி இயந்திரத்தை நினைவூட்டியதில் ஆச்சரியமில்லை. பவேரியாவில் 'டாம்ப்ஃபியர்' என்று ஒரு பீர் உண்டு. அதற்கும் பொருள் ஆவி பீர்தான். ஆனால் அது கோதுமை பீர் ஈஸ்ட்டில் பார்லியை நொதிக்கவைப்பது. சுவை முற்றிலும் வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இந்த வகையை உயிரோடு வைத்திருந்த ப்ரூவரி ஆங்கர். 1896-இல் அந்தப் பெயரைப் பெற்ற அது, 1906 நிலநடுக்கத் தீயையும் 1920-இலிருந்து 1933 வரையிலான மதுவிலக்கையும் தாண்டி வந்து, 1960-களில் மூடும் நிலைக்குப் போனது. 1965-இல் ஃப்ரிட்ஸ் மேடேக் என்ற இளைஞர் அதன் பெரும்பங்கை வாங்கினார். சலவை இயந்திரம் செய்த மேடேக் குடும்பத்தின் வாரிசு அவர். சுத்தத்தையும் முறையையும் சரிசெய்து, 1971-இல் ஆங்கர் ஸ்டீமைப் பாட்டிலில் கொண்டுவந்தார். அமெரிக்க கிராஃப்ட் பீர் இயக்கத்தின் தொடக்கப்புள்ளிகளில் ஒன்றாக இதைச் சொல்வார்கள், அது மிகையில்லை. 'ஸ்டீம் பீர்' என்ற சொல்லையும் ஆங்கர் 1981-இல் வணிகக்குறியாகப் பதிவு செய்தது. அதனால்தான் அமெரிக்காவில் மற்றவர்கள் இதே பீரை 'கலிபோர்னியா காமன்' என்ற பெயரில் விற்கிறார்கள். கடையில் தேடும்போது இந்தப் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். கொலராடோவின் ஸ்டீம்வொர்க்ஸ் செய்யும் 'ஸ்டீம் எஞ்சின் லாகர்' இந்த வகைதான். டொரோன்டோவின் 'ஸ்டீம் விசில்' பெயரில் ஸ்டீம் இருந்தாலும் பில்ஸ்னர் என்ற வெளிர் லாகர்.

சரி, கிளாஸுக்கு வருவோம். ஃப்ரிட்ஜ் 4 டிகிரியில் இருக்கும். இந்த பீருக்கு 8 முதல் 10 டிகிரி வேண்டும். அறை 20 டிகிரி என்றால் 355 மில்லி பாட்டிலை வெளியே 15, 20 நிமிஷம் வைக்கலாம். 30 டிகிரி வெயில் ஊரில் 8, 10 நிமிஷம் போதும். ஃப்ரீசரில் வைத்துப் பனி படிந்த கிளாஸ் வேண்டவே வேண்டாம். அது நீங்கள் காத்திருந்த நேரத்தை வீணாக்குவதோடு, உருகும் பனி பீரில் கலந்து நுரையையும் கெடுக்கும். சாதாரண பைன்ட் கிளாஸே போதும்.

கிளாஸில் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது. பாத்திரம் துலக்கும் சோப்பின் மிச்சம்கூட நுரையைக் கொன்றுவிடும். நன்றாக அலசிக் கவிழ்த்து உலரவைத்து, ஊற்றும் முன் குளிர்ந்த தண்ணீரில் ஒருமுறை நனைத்துக்கொள்ளுங்கள். ஊற்றியபின் கிளாஸின் உட்சுவரில் குமிழிகள் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தால் அங்கே அழுக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

கிளாஸைச் சாய்த்துப் பாதிவரை சுவரோடு ஊற்றி, பிறகு நிமிர்த்தி நடுவில் ஊற்றுங்கள். இரண்டு விரல் உயரத்துக்கு நுரை எழ வேண்டும். நுரை வந்துவிடுமே என்று பயந்து கடைசிவரை சாய்த்தே ஊற்றுபவர்கள் இரண்டு வகையில் இழக்கிறார்கள்: மணம் மேலே வராது, வெளியேற வேண்டிய வாயு எல்லாம் வயிற்றுக்குள் போய் உப்பவைக்கும். ஸ்டீம் பீரில் வாயு கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும் என்பதால் இது இன்னும் முக்கியம்.

இப்போது வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பால் விடாத இளம் டீயின் நிறம், ஓரத்தில் செம்பின் பளபளப்பு. தெளிவாக இருக்க வேண்டும். நுரை பழுப்பேறிய வெள்ளையாக, குடிக்கக் குடிக்க உட்சுவரில் வளையம் வளையமாகப் படிந்து நிற்க வேண்டும்.

முகர்ந்து பார்க்கும்போது சிறு சிறு மோப்பமாக இரண்டு மூன்று முறை எடுங்கள். முதலில் வருவது மால்ட்: ரொட்டியின் மேல்தோல், லேசாக வறுத்த தானியம், அதன் அடியில் வெல்லப்பாகு கொதிக்கத் தொடங்கும்போது எழுகிற இனிப்பு மணம். இந்தப் பாகு மணத்தைத் தருவது கேரமல் மால்ட். முளைகட்டிய பார்லியை ஈரத்தோடே சூடேற்றினால் மணிக்குள்ளேயே மாவு சர்க்கரையாகும். பிறகு வறுக்கும்போது அது பாகாகி இறுகிவிடும். நிறமும் பெருமளவு அதிலிருந்துதான்.

அடுத்த மோப்பத்தில் ஹாப்ஸைத் தேடுங்கள். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் கொடிப்பூ அது. இங்கேதான் இந்த பீரின் தனி முகம் இருக்கிறது. மரபான ஸ்டீம் பீருக்கு 'நார்தர்ன் ப்ரூவர்' என்ற ஹாப்ஸ்தான். 1934-இல் இங்கிலாந்தில் உருவாக்கிய ரகம் இது. இன்றைய ஐபிஏ-க்களில் (ஹாப்ஸ் தூக்கலான ஏல்களில்) வரும் ஆரஞ்சு, மாம்பழ வாசனை எதுவும் இதில் இருக்காது. புதிதாகச் சீவிய மரத்தூள், காய்ந்த புதினா, கொஞ்சம் பைன் பிசின். அட்டகாசமாக வந்து முகத்தில் அறையாது. அமைதியாக ஓரத்தில் நிற்கும். 4 டிகிரியில் இது மூக்குக்கு எட்டவே எட்டாது. 9 டிகிரியில் அதே பீரை முகர்ந்தால் புதினாவும் மரமும் தனித்தனியாகத் தெரியும். ஒரு முறை ஒரே பாட்டிலைப் பாதி இப்போது, பாதி பதினைந்து நிமிஷம் கழித்து என்று ஊற்றிப் பாருங்கள், வித்தியாசம் பளிச்சென்று புரியும். மிச்சப் பாதியைக் காத்திருக்கும் நேரத்தில் மூடிவையுங்கள்.

மூன்றாவதாக, மால்ட்டுக்கும் ஹாப்ஸுக்கும் இடையில் மிக மெல்லியதாக ஒரு பழவாசனை. லாகர் ஈஸ்ட்டைச் சூட்டில் வேலை வாங்கியதன் தடயம் அதுதான். சுத்த லாகரில் இது இருக்காது, ஆங்கிலேய ஏலில் இதைவிடப் பல மடங்கு இருக்கும். 'இருக்கிறதா இல்லையா' என்று சந்தேகப்படுகிற அளவில் இருந்தால் காய்ச்சியவர் கைதேர்ந்தவர்.

முதல் வாயை விழுங்குமுன் நாக்கு முழுக்கப் பரவவிடுங்கள். தொடக்கத்தில் பாகு இனிப்பு, நடுவில் ரொட்டித்தோல், பிறகு திடமான கசப்பு, கடைசியில் வறண்ட முடிவு. அந்தக் கடைசிப் பகுதிதான் எனக்கு அளவுகோல். விழுங்கியபின் உதட்டில் பிசுபிசுப்பு தங்கினால் அது ஆம்பர் ஏல் பக்கம் சாய்ந்துவிட்ட பீர். வாய் சுத்தமாகி, கசப்பு மட்டும் கொஞ்ச நேரம் நின்று, அடுத்த வாய் கேட்க வேண்டும். எண்ணில் சொன்னால் ஆல்கஹால் 4.5 முதல் 5.5 சதவீதம், கசப்பு 30 முதல் 45 ஐபியு (பீரின் கசப்பை அளக்கும் அலகு), தண்ணீரை 1 என்று வைத்தால் நொதிக்குமுன் தொடக்க அடர்த்தி 1.048 முதல் 1.054, நொதித்தபின் முடிவு 1.011 முதல் 1.014.

இதை இடம் அறிந்து ரசிக்க நல்ல வழி, பக்கத்தில் இரண்டு பீரை வைத்துக் குடிப்பது. ஒன்று வியன்னா லாகர். அதே நிறம், ஆனால் பழவாசனையும் ஹாப்ஸ் முரட்டுத்தனமும் இருக்காது. இன்னொன்று ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் ஊர் ஆல்ட்பியர். அது ஏல் ஈஸ்ட்டைக் குளிரில் வேலை வாங்கி, லாகர் போலக் குளிர்க்கிடங்கில் வைப்பது. ஸ்டீம் பீர் எந்தப் பாதையில் போகிறதோ அதே பாதையில் எதிர்முனையிலிருந்து வருவது. மூன்றையும் தலா 100 மில்லி ஊற்றி மாற்றி மாற்றிக் குடித்தால் ஸ்டீம் பீரின் இடம் நாக்கிலேயே பதிந்துவிடும்.

குறைகளைக் கண்டுபிடிக்கத் தெரிந்தால்தான் நிறைகளும் தெரியும். வெண்ணெய் உருக்கிய வாசனை, பாப்கார்ன் வாசனை வந்தால் அது டயசெட்டில். நொதித்தலின்போது ஈஸ்ட் உண்டாக்கும் பொருள் அது. கடைசி நாட்களில் ஈஸ்ட்டே அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அதற்கு அவகாசம் தராமல் அவசரமாகக் குளிரவைத்தால் பீரில் தங்கிவிடும். பச்சை ஆப்பிள் வாசனை வந்தால் பீர் இன்னும் பிஞ்சு. ஈர அட்டைப்பெட்டி, பழைய காகித வாசனை என்றால் ஆக்சிஜன் பட்டு மூத்துப்போனது. கேரமல் மால்ட் உள்ள பீரில் இது வரும்போது பாகு இனிப்பு திகட்டலாகி, ஹாப்ஸ் காணாமல் போயிருக்கும். ஸ்கங்க் என்ற விலங்கு பீச்சுவது போலக் குமட்டுகிற வாசனை வந்தால் வெளிச்சம் பட்டது. ஹாப்ஸின் கசப்புப் பொருள் ஒளியில் சிதைந்து கந்தகச் சேர்மமாக மாறுகிறது. பழுப்புக் கண்ணாடி ஓரளவு காக்கும். பச்சையும் வெள்ளையும் காக்காது. பாட்டிலை நிமிர்த்தி, குளிரில், இருட்டில் வையுங்கள். அடைத்த தேதியிலிருந்து மூன்று நான்கு மாதத்துக்குள் குடித்துவிடுங்கள்.

இதையொட்டி ஒரு எச்சரிக்கை. 2017-இல் ஜப்பானிய பீர் நிறுவனமான சப்போரோ வாங்கிய ஆங்கர், 2023 ஜூலையில் மூடப்படுவதாக அறிவிக்கப்பட்டது. 2024 மே மாதம் சோபானி தயிர் நிறுவனத்தின் ஹம்தி உலுகாயா அதை வாங்கினார். மூடுவதற்கு முன் அடைத்த பாட்டில்கள் எங்காவது கிடைத்தால் ஞாபகத்துக்காக வைத்துக்கொள்ளலாம், ஸ்டீம் பீர் இப்படித்தான் இருக்கும் என்று அதை வைத்து முடிவு கட்டக் கூடாது. இந்த பீர் வயதாகி மெருகேறும் ரகம் இல்லை.

சாப்பாட்டோடு என்றால், சான் ஃபிரான்சிஸ்கோவின் புளித்த மாவு ரொட்டியும் டஞ்சனஸ் நண்டும்தான் இதன் சொந்த ஊர்ச் சேர்க்கை. ரொட்டியின் கருகிய தோலும் மால்ட்டும் ஒன்றோடொன்று பேசும், நண்டின் இனிப்பைக் கசப்பு திகட்டவிடாது. தணலில் சுட்ட கோழி, முதிர்ந்த செடார் சீஸ் இரண்டும் நன்றாகச் சேரும். எரிகிற மிளகாய்க் காரம் சேராது. வாயுவும் கசப்பும் காரத்தை இன்னும் ஏற்றிவிடும்.

வீட்டில் காய்ச்சச் சட்டம் அனுமதிக்கிற நாட்டில் இருப்பவர்களுக்கு 20 லிட்டருக்கு ஒரு கணக்கு தருகிறேன், ஏனென்றால் ஒரு தடவை காய்ச்சிவிட்டால் நாக்கு பல மடங்கு கூர்மையாகும். வெளிர் 2-ரோ (இரண்டு வரிசைப் பார்லி) மால்ட் 4 கிலோ, 60 லோவிபாண்ட் (மால்ட் நிறத்தின் அளவு) கேரமல் மால்ட் 500 கிராம். 13 லிட்டர் தண்ணீரில் 66, 67 டிகிரியில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, வெந்நீர் விட்டு அலசி வடியுங்கள். ஒரு மணி நேரம் கொதிக்கட்டும். 9 சதவீத ஆல்ஃபா (கசப்பு தரும் அமிலம்) உள்ள நார்தர்ன் ப்ரூவர் என்றால் கொதி தொடங்கியதும் 25 கிராம், கடைசி 15 நிமிஷத்தில் 15 கிராம், அடுப்பை அணைத்ததும் 20 கிராம். அடர்த்தி 1.050 வர வேண்டும். கேரமல் மால்ட்டைக் கூட்டினால் நிறம் அழகாக வரும் என்று ஒரு கிலோவுக்குப் போகாதீர்கள். வீட்டு ஸ்டீம் பீர் திகட்டுவதற்கு அதுதான் பெரும்பாலும் காரணம்.

வோர்ட்டை 15 டிகிரிக்கு இறக்கிய பிறகே ஈஸ்ட் போடுங்கள். திரவ ஈஸ்ட்டில் வையீஸ்ட் 2112, வைட் லேப்ஸ் டபிள்யூஎல்பி 810 இரண்டும் இந்த வகைக்கென்றே உள்ளவை. உலர் ஈஸ்ட்டில் சாஃப்லாகர் டபிள்யூ-34/70 இரண்டு பாக்கெட், அதாவது 23 கிராம். வெதுவெதுப்பில் ஈஸ்ட்டைப் போட்டுவிட்டு அப்புறம் குளிரவைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால், பழவாசனை முதல் இரண்டு நாளிலேயே ஏறிவிடும், பிறகு இறங்காது. 15, 16 டிகிரியில் ஒரு வாரம் முதல் பத்து நாள், அடர்த்தி 1.015-க்குப் பக்கத்தில் வரும்போது 18 டிகிரிக்கு ஏற்றி இரண்டு மூன்று நாள் விடுங்கள்.

டயசெட்டில் போய்விட்டதா என்று மூக்கை மட்டும் நம்பாமல் சோதித்துவிடுங்கள். இரண்டு சிறு கிளாஸில் கொஞ்சம் பீர் எடுத்து மூடி, ஒன்றை மட்டும் 65 டிகிரி வெந்நீரில் 20 நிமிஷம் நிறுத்துங்கள். இரண்டையும் அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து முகருங்கள். சூடாக்கியதில் வெண்ணெய் வாசனை வந்தால், வாசனையில்லாத முன்வடிவம் இன்னும் பீரில் ஒளிந்திருக்கிறது. மேலும் இரண்டு நாள் 18 டிகிரியிலேயே விடுங்கள். வரவில்லை என்றால் 2 டிகிரிக்கு இறக்கி இரண்டு வாரம்.

பாட்டிலில் அடைக்கும்போது மொத்தம் 135 கிராம் சர்க்கரை போதும். அடர்த்தி 1.012 அளவுக்கு வந்து, மூன்று நாள் அங்கேயே அசையாமல் நின்றிருக்க வேண்டும். நொதித்தல் முடியாமல் அடைத்தால் பாட்டிலே வெடிக்கும். அடைத்த பாட்டில்கள் 20 டிகிரிக்குப் பக்கத்தில் மூன்று வாரம் இருக்கட்டும். குளிர்க்கிடங்கில் ஈஸ்ட் அதிகம் படிந்துவிட்டதால் வாயு ஏற வழக்கத்தைவிட ஒரு வாரம் கூட எடுக்கும்.

இப்போது மேசைமேல் வைத்த பாட்டிலைத் தொட்டுப் பாருங்கள். கண்ணாடியில் வேர்த்த நீர் வழிந்து, கை வைத்தால் சில்லென்று இருந்தாலும் விரல் மரத்துப்போகாத அளவு இருந்தால் திறக்கலாம்.